நடுக்கடலில் ராத்திரி எங்கே நங்கூரம் போடுவார்கள்?

பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவோடு நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். தாய்லாந்தின் ஃபுகெட்டில் இருக்கும் உறவினர் மூலமாக 42 அடி பாய்மரப் படகு ஒன்றில் வேலை வந்திருக்கிறதாம். ஃபுகெட்டிலிருந்து இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவு, அங்கிருந்து ரோட்ரிக்ஸ் தீவு, கடைசியில் மொரிஷியஸ். கேப்டனோடு சேர்த்து நான்கு பேர். ராத்திரி நடுக்கடலில் எங்கே நங்கூரம் போடுவார்கள், தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் என்ன வழி, புயல் வந்தால் என்ன ஆகும், கடலிலேயே வளர்ந்தவனுக்கு இதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது என்று நான்கு கேள்விகள். தம்பி, கடைசியாகக் கேட்டதுதான் உங்கள் மனதில் உள்ள கேள்வி என்று நினைக்கிறேன். நம்ம தொழில் அனுபவம் போதுமா, நம்பிப் போகலாமா என்பதுதானே? நான் கீழக்கரைக்காரன். எங்கள் வீட்டு மூத்தவர்கள் தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவர்கள். நான் பல வருடம் இந்த மாதிரிப் படகுகளை ஒரு துறைமுகத்தில் பொறுப்பெடுத்து இன்னொரு துறைமுகத்தில் உரிமையாளரிடம் சேர்க்கும் வேலை பார்த்தேன். நீங்கள் சொல்லும் தடமும் எனக்குப் பழக்கம். அதை வைத்துச் சொல்கிறேன்.

நங்கூரம் போடுவதே கிடையாது. பாக் விரிகுடாவில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் வலையை விட்டுவிட்டு நங்கூரத்தைத் தட்டிக் கொஞ்சம் கண்ணயரலாம். கோகோஸுக்கும் ரோட்ரிக்ஸுக்கும் நடுவே பெரும்பாலும் நான்காயிரம், ஐந்தாயிரம் மீட்டர் ஆழம். அங்கே எந்தக் கயிறும் எட்டாது. படகு ராவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தூரம் சுமார் 2,000 கடல்மைல் (ஒரு கடல்மைல் 1.85 கி.மீ.). உங்கள் அளவுப் படகு நல்ல காற்றில் நாளைக்கு 120 முதல் 150 கடல்மைல் போகும். ஆகவே இரண்டு வாரத்துக்குக் குறையாது, காற்று படுத்தால் மூன்று வாரமும் ஆகலாம். படகு நிற்காது என்றால் யாராவது ஒருவர் எப்போதும் விழித்திருந்தாக வேண்டும். படகு வாழ்க்கை முழுக்க இந்த ஒன்றைச் சுற்றித்தான் நடக்கிறது. சாப்பாட்டு நேரம், தூக்கம், யாரோடு யார் பேசுவது என்பது வரைக்கும் இதுதான் தீர்மானிக்கும்.

இதை வாட்ச் என்போம். நான்கு பேரும் முறை எடுத்தால் மூன்று மணி நேரம் விழிப்பு, ஒன்பது மணி நேரம் ஓய்வு. சமையல், பாய் மாற்றுவது, ரிப்பேர் எல்லாம் அந்த ஒன்பதில் கடித்துக்கொண்டு போய்விடும். வாட்ச் என்றால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்வது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் சுக்கானை ஆட்டோ பைலட்டோ, பின்னால் பொருத்திய காற்றுத் தகடோ பார்த்துக்கொள்ளும். உங்கள் வேலை பார்ப்பது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று, சுற்றிலும் முழு வட்டம் பார்க்க வேண்டும். பாய்க்குப் பின்னால் மறைந்திருக்கும் பக்கத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். ஏன் பத்து நிமிடம்? பெரிய கப்பலின் மேல்விளக்கு ஆறு கடல்மைலுக்கு முன்பே தெரிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 20 கடல்மைல், எதிரே வருகிறது, நீங்கள் ஆறு நாட் வேகத்தில் போகிறீர்கள். பதினான்கு நிமிடத்தில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும். கப்பல்கள் ரேடியோவில் அனுப்பும் தகவலைப் பிடிக்கும் ஏஐஎஸ் கருவி, கப்பலின் பெயர், வேகம், எவ்வளவு நெருங்கும் என்பதையெல்லாம் திரையில் காட்டும், மணியும் அடிக்கும். ஆனால் ஏஐஎஸ் இல்லாத மீன்பிடிப் படகுகள் உண்டு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விளக்கைப் படிக்கும் விதத்தைக் கிளம்பும் முன்பே பழகுங்கள். சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கத்தைப் பார்க்கிறீர்கள், பச்சை மட்டும் என்றால் வலப்பக்கம். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்து, மேலே இரண்டு வெள்ளை விளக்கும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நேர்கோட்டில் நின்றால் அது உங்களை நோக்கியே வருகிறது. இன்னொரு சோதனையும் உண்டு. படகின் போக்கை மாற்றாமல், ஒரே இடத்தில் உட்கார்ந்து, பாய்மரத்தைத் தாங்கும் கம்பி ஒன்றோடு அந்த விளக்கைச் சேர்த்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் கம்பியை விட்டு விலகாமல் விளக்கு மட்டும் பெரிதாகிறது என்றால் மோதும் பாதை அது. உடனே கேப்டனை எழுப்புங்கள். வீணாக எழுப்பிவிட்டோமோ என்ற கூச்சம் அங்கே கூடவே கூடாது.

இப்போது நான் உறுதியாகச் சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். நீண்ட பயணத்தில் ஆளைச் சாய்ப்பது புயலைவிடத் தூக்கக்குறைவுதான். நம் கரைப் பிள்ளைகளுக்கு இதில்தான் பெரிய சிக்கல். சாயந்திரம் போய்க் காலையில் கரை சேரும் தொழிலில் ஓர் இரவு முழுக்க விழித்திருப்பது ஆம்பளைத்தனம். பகலில் வீட்டில் தூங்கிச் சரிக்கட்டிவிடலாம். அங்கே வீடு பதினைந்து நாள் தள்ளி இருக்கிறது. என்னோடு தொண்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். கயிற்று வேலையில் அவனை மிஞ்ச ஆளில்லை, அலைக்குப் பயமே கிடையாது. முதல் மூன்று நாள் தன் ஓய்வு நேரத்திலும் மேலேயே நின்றான். மற்றவர்களுக்கு உதவுகிறோம் என்று அவனுக்குப் பெருமை. நான்காம் நாள் விடியற்காலை வாட்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். சரக்குக் கப்பல் ஒன்றின் எஞ்சின் அதிர்வு படகின் அடித்தளம் வழியாகக் கேட்டுத்தான் உள்ளே படுத்திருந்த நாங்கள் எழுந்தோம். மேலே வந்தபோது அதன் பின்பக்க வெள்ளை விளக்கு எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவன் சோம்பேறி இல்லை. தூங்குவதும் ஒரு வேலை என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வாட்ச் முடிந்ததும் அடுத்தவரிடம் காற்று, போக்கு, பார்த்த விளக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட வேண்டும். தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிப் படுங்கள்.

தூங்குமிடம் ஒரு ஆள் நீளப் பலகை. படகு ஒருபக்கம் சாய்ந்தே ஓடும் என்பதால் உருண்டு விழாமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு துணியைத் தொட்டில்போல் இழுத்துக் கட்டியிருப்பார்கள். முதல் இரண்டு மூன்று நாள் சத்தமே தூங்கவிடாது. தலைக்கு ஒரு சாண் தூரத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு ஓடும், மரப்பலகை முனகும், அலமாரிக்குள் ஏதோ ஒரு டம்ளர் உருண்டுகொண்டே இருக்கும். எழுந்து அந்த டம்ளரைத் தேடி ஒரு துணியைச் சுற்றி வைத்துவிடுங்கள். ஒரு வாரம் ஆனால் சத்தம் மாறினால்தான் விழிப்பு வரும். அது நல்ல பழக்கம்.

கடல்நோய் உங்களுக்கு வருமா வராதா என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த பல மீனவர்கள் மேல்தளத்தில் கல்லு மாதிரி நின்றுவிட்டு, அறைக்குள் இறங்கிப் பாத்திரம் எடுத்த பத்து நிமிடத்தில் வாந்தி எடுத்திருக்கிறார்கள். வள்ளத்தில் எப்போதும் அடிவானம் தெரியும், அறைக்குள் தெரியாது. காரணம் அதுதான். தவிர இது வேறு அலை. நாம் பெண்கடல் என்று சொல்லும் வடகடலில் அலை குட்டையாக, அடுக்கடுக்காக வரும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்துத் தென்கடலை ஓரளவுக்கு ஒப்பிடலாம் என்றாலும், நீங்கள் போகும் தடத்தில் தென்கிழக்கு வியாபாரக் காற்று ஒரு அலையைக் கிளப்பும். வெகு தெற்கே எங்கோ அடித்த புயலின் நீண்ட அலை தென்மேற்கிலிருந்து அதன் குறுக்கே வரும். இரண்டும் சேரும்போது படகு இடமும் வலமுமாக ஓயாமல் ஆடும். காற்று நன்றாக இருந்தாலும் அந்த ஆட்டம் ஓயாது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். சிலருக்குப் பழகுவதே இல்லை. சின்னாரிசின், ப்ரோமெத்தசின் மாதிரி மாத்திரைகள் உதவும். ஆனால் தூக்கம் வரவழைக்கும் என்பதால் மருத்துவரிடம் கேட்டு, ஒருமுறை கரையிலேயே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வாந்தியைவிட ஆபத்து, வாந்திக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

தண்ணீர்க் கணக்கு எளிது. உங்கள் அளவுப் படகில் ஏறக்குறைய 400 லிட்டர் தொட்டி இருக்கும். நான்கு பேர், பதினாறு நாள் என்றால் ஆளுக்கு நாளைக்கு ஆறு லிட்டர் சொச்சம். குடிக்க, சமைக்க, பல் துலக்க எல்லாம் அதற்குள். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் பல படகுகளில் உண்டு. அது இல்லை என்று நினைத்துத்தான் கணக்குப் போட வேண்டும், ஏனென்றால் பழுதானால் நடுக்கடலில் உதிரிபாகம் கிடைக்காது. தொட்டி ஒன்றுக்கு இரண்டாகப் பிரிந்திருக்கிறதா, தனியாகக் கேன்களில் தண்ணீர் கட்டி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். குளியல் கடல்நீரில், கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீர். சோப்பு நுரைக்காது, ஷாம்பு நுரைக்கும். உட்காருமிடத்தில் உப்புப்புண் வந்தால் உயிரை வாங்கும். ஒவ்வொரு வாட்ச் முடிவிலும் ஒரு துணியை நல்ல தண்ணீரில் நனைத்து உடம்பைத் துடைத்து, காய்ந்த துணிக்கு மாறிவிடுங்கள். பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவி நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசினால் போதும். சோற்றுக்கு நாலில் ஒரு பங்கு கடல்நீர் சேர்த்தால் தனியாக உப்பு வேண்டாம்.

சமையலில் நீங்கள் கெட்டிக்காரராக இருந்தால் அந்தப் படகில் உங்களுக்குத் தனி மரியாதை. அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்கும். படகு எப்படிச் சாய்ந்தாலும் அது மட்டமாக நிற்கும், பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ள இரும்புக் கவ்வி இருக்கும். அப்படியும் குழம்பு ததும்பும். குக்கர்தான் நல்லது, மூடி பூட்டிக்கொள்ளும், கவிழ்ந்தாலும் கொட்டாது. எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் வெறும் உடம்போடு, லுங்கியோடு அடுப்பு முன்னால் நிற்காதீர்கள். மழைக்கோட்டின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு சமையுங்கள். ஆஸ்பத்திரி ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும்போது தொடையில் கொதிநீர் கொட்டினால் சாதாரண விஷயமில்லை. கேஸ் விஷயத்தில் இன்னும் கவனம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு வழியாக வெளியே போக இடமுண்டு. படகில் அது கீழே இறங்கி அடித்தட்டில் தேங்கி நிற்கும், ஒரு தீப்பொறி போதும். சமைத்து முடித்ததும் அடுப்புத் திருகை மட்டும் மூடாமல், சிலிண்டர் வால்வையும் ஒவ்வொரு முறையும் மூடுங்கள். குளிர்ப்பெட்டியில் வைக்காத முட்டையை வாங்கி, இரண்டு நாளைக்கு ஒருமுறை திருப்பி வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். வெங்காயம், உருளை, பூசணி, முட்டைக்கோஸ், எலுமிச்சை நிற்கும். வாழைத்தார் ஒரே நாளில் மொத்தமும் பழுத்துத் தொலைக்கும். அட்டைப்பெட்டி எதையும் படகில் ஏற்றாதீர்கள், கரப்பான் முட்டை அதில்தான் வரும். பின்னால் ஒரு தூண்டில் கயிறு விட்டால் சூரை கிடைக்கும், காலையில் தளத்தில் பறவைக்கோலா மீன் விழுந்து கிடக்கும். கருவாடு கொண்டு போவதானால் மற்ற மூன்று பேரையும் கேட்டுவிட்டுக் கொண்டு போங்கள்.

உங்கள் தொழில் அறிவு எங்கே கைகொடுக்கும் என்றால் கயிற்றில். பத்து நாள் ஒரே பக்கம் காற்று வாங்கி ஓடும் படகில், ஒரு கயிறு ஒரே இடத்தில் உரசிக்கொண்டே இருக்கும். வெளிப்பார்வைக்குக் கயிறு நன்றாகத் தெரியும், உரசும் அந்த நான்கு விரற்கடை மட்டும் பஞ்சாகியிருக்கும். தினமும் காலையில் அணியத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும் நடந்து, பாயை ஏற்றும் ஆஞ்சான் முதல் ஒவ்வொரு கயிற்றையும், கொளுத்தையும், அதைப் பூட்டும் ஊசியையும் கையால் தொட்டுப் பாருங்கள். வலை பொத்திப் பழகிய விரலுக்கு இது உடனே பிடிபடும். வானத்தைப் பார்த்து மழைமேகத்தின் கீழ் காற்று எப்படித் திரும்பும் என்று சொல்லும் கண்ணும் உங்களுக்கு இருக்கும்.

கெடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. வள்ளத்தின் விளிம்பில் வெறுங்காலோடு ஓடியவர்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ள வெட்கப்படுவார்கள். ஆறு நாட் வேகத்தில் ஓடும் படகு ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் போய்விடும். இரண்டு மூன்று மீட்டர் அலையில் மனிதத் தலை அந்தத் தூரத்தில் தெரியாது. ராத்திரி உங்கள் வாட்சில் நீங்கள் விழுந்தால், ஆட்டோ பைலட் படகை அழகாக ஓட்டிக்கொண்டு போகும். அடுத்த ஆள் எழுந்து வரும்போதுதான் நீங்கள் இல்லாதது தெரியும். நீச்சல் தெரிவதால் அங்கே பெரிய பிரயோசனம் இல்லை. படி ஏறி வெளியே வரும் முன்பே அந்தக் கயிற்றின் கொக்கியைப் படகில் மாட்டுங்கள், உள்ளே இறங்கிய பிறகு கழற்றுங்கள். படகோரத்தில் நின்று சிறுநீர் கழிக்காதீர்கள். கழிப்பறை இருக்கிறது, ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும்.

புயலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் பாதி கிளம்பும் மாதத்திலேயே முடிவாகிவிடுகிறது. தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையே கோகோஸிலிருந்து கிளம்புகிறார்கள் என்றால் காற்று பலமாக, 20, 25 நாட் அடிக்கும், ஆனால் ஒரே திசையில் நிற்கும். டிசம்பர், ஜனவரி என்று சொன்னால் அந்தப் படகில் ஏறாதீர்கள். பலத்த காற்றுக்கு வைத்தியம், தேவைப்படும் முன்பே பாயைச் சுருக்கிவிடுவது. தென் அட்சரேகை நாற்பது டிகிரிக்குத் தெற்கே உள்ள கடலில் நான் போனதில்லை. அதைப் பற்றி நான் பேசக் கூடாது. கடற்படையின் தாரிணி என்ற 56 அடிப் படகில் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும், 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பி, தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள கேப் ஹார்ன் முனை வழியாக உலகைச் சுற்றி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். இரண்டே பேர், மாறி மாறி வாட்ச். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். உதவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதற்குக் கடற்படை அதிகாரியாக இருந்த அபிலாஷ் டோமி உதாரணம். 2018 செப்டம்பர் 21 அன்று தனிப்பயணப் போட்டியில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு அசைய முடியாமல் கிடந்தார். பிரெஞ்சுக் கண்காணிப்புக் கப்பல் அவரை எடுத்தது 24 அன்று. இடமும் தெரியும், விமானமும் மேலே பறந்தது, அப்படியும் மூன்று நாள். நீங்கள் போகும் தடமும் ஹெலிகாப்டர் எட்டாத தூரம்தான். அதனால் பல்வலி இருந்தால் இப்போதே காட்டிவிடுங்கள்.

ஆட்களைப் பற்றி யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நான்கு பேர் ஒரு சின்ன அறை அளவு இடத்தில் மூன்று வாரம். சண்டை பெரும்பாலும் பெரிய காரணத்துக்கு வராது. கழுவாத டம்ளர், ஐந்து நிமிடம் தாமதமாக வாட்சுக்கு வருவது, இவைதான். நேரத்துக்கு வரும் ஆளை எல்லோருக்கும் பிடிக்கும். கேப்டனை முடிந்தால் முன்கூட்டியே வீடியோவில் பேசிப் பாருங்கள். உயிர்காக்கும் மிதவை எப்போது சர்வீஸ் ஆனது, எத்தனை பேருக்கானது என்று கேளுங்கள். கேள்விக்கு எரிச்சல்படும் கேப்டன் வேண்டாம்.

காகித விஷயம். கோகோஸ் ஆஸ்திரேலியாவின் மண், நம் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டுக்கு டி.ஜி. ஷிப்பிங் என்ற மத்திய அரசுக் கப்பல் துறை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும், வேலை தருவதற்கு உங்களிடம் பணம் வாங்கவும் கூடாது. தனியார் உல்லாசப் படகு வேலைக்குக் கப்பல் வேலைக்குள்ள பாதுகாப்பு அப்படியே கிடைக்காது. ஆகவே சம்பளம், மொரிஷியஸிலிருந்து ஊர் திரும்பும் டிக்கெட், மருத்துவக் காப்பீடு மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். நடுவில் நின்றுவிட்டால் திரும்பும் செலவு யாருடையது என்பதும் அதில் இருக்கட்டும். உறவினர் வாய்வார்த்தை போதாது.

அம்மா பயப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இப்போது பல படகுகளில் சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பலாம், படகு இருக்குமிடத்தை வீட்டிலிருந்து வரைபடத்தில் பார்க்கலாம். கருவி கெட்டால் ஒன்றிரண்டு நாள் செய்தி வராது, அதற்குப் படகுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. இதை அவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள். சொந்தமாகச் சாட்டிலைட் போன் வாங்கிக் கொண்டுவரும் யோசனை வேண்டாம். உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் அதை வைத்திருப்பது குற்றம். படகில் ஈபர்ப் என்ற ஆபத்து அறிவிப்புக் கருவி இருக்கும். அதை இயக்கினால் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குச் செய்தி போகும். கோகோஸிலிருந்து ரோட்ரிக்ஸ் போகும் வழியில் 75 டிகிரி கிழக்கு தீர்க்கரேகை வரைக்கும் பொறுப்பு ஆஸ்திரேலியாவுடையது. மையத்தில் இருப்பவர்கள் முதலில் செய்வது, அந்தக் கருவியின் பதிவில் உள்ள கரைத் தொடர்பு எண்ணைக் கூப்பிடுவதுதான். அதில் பெரும்பாலும் படகு உரிமையாளர் வீட்டு எண் மட்டும் இருக்கும். கிளம்பும் முன் கேப்டனிடம் சொல்லி, ஆங்கிலத்தில் பேசக்கூடிய உங்கள் ஊர் ஆள் ஒருவரின் எண்ணையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.